இருமத் தெரியாது

ஐப்பசி பதினெட்டு, ராத்திரி ஒன்பதே கால்.
வண்ணாரப்பேட்டை துணை மின்நிலையத்தில்
எங்கள் தெருவுக்கான பீடரை இறக்கியது
நான்தான்.
கொக்கிரகுளம் பக்கம் கம்பத்தில் ஆற்றுத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.
வேறு வழியில்லை.

இருபது நிமிடத்தில் ஐம்பது போன்.
எல்லாருக்கும் ஒரே பதில்:
'இன்னும் அரை மணிநேரம்.'
ஐம்பத்தொன்றாவதாக ஜெபக்கனி.
'பொட்டலத்துக்குக் கீழ சூடே இல்ல.'
அவளுக்கும் அதையே சொன்னேன்.

மைத்துனன் ரூபஸ்
மஸ்கட் போகையில் விட்டுப்போனது பொட்டலம்.
களக்காட்டு மலையில் திரிகிற சாதி இல்லை,
ஆப்பிரிக்காப் பந்து மலைப்பாம்பு,
வனத்துறைத் தாள் எல்லாம் இருக்கிறது.
பயந்தால் தலையை நடுவில் ஒளித்து
நூல் சுற்றிய காராச்சேவுப் பொட்டலமாகிவிடும்.

போன கோடையில் பேன் அளவு உண்ணி.
குடிக்கும் தண்ணீரில் மிளகுப்பொடி தூவினாற்போல்
செத்து மிதந்தன.
ஆனியில் மேகாற்று வீட்டையே காயப்போட்டபோது
சட்டை முழுதாய்க் கழலாமல் கந்தலாய்க் கிழிந்தது.
கண்ணுக்கு மேல் பழைய கண் ஒட்டிக்கொண்டு நின்றது.
நகத்தால் உரிக்கப்போன என் கையில்
ஒன்று வைத்தாள் ஜெபக்கனி.
ஈரத்துண்டு விரித்த டப்பாவில் இரண்டு ராத்திரி.
தானாக உதிர்ந்தது,
சாளைமீன் செதில் அளவுக்கு.

அதெல்லாம் சமாளித்தவர்கள்தான்.

முப்பத்தொரு மணிநேரம் கழித்து வீட்டுக்கு வந்தேன்.
வெந்நீர் பாட்டில்களை என் காக்கிச்சட்டையில் சுற்றி
மாற்றி மாற்றி வைத்திருக்கிறாள்.
முதல்நாள் விடியுமுன்னே கேஸ் தீர்ந்திருக்கிறது.
பொட்டலம் தலையை நிமிர்த்தி
வாயைக் கொஞ்சமாய்த் திறந்து வைத்திருந்தது.
மூக்குத் துளையில் ஒரு சோப்புக் குமிழி.
காதோரம் பிடித்தால் டிக், டிக்,
பழைய மீட்டர் ஓடும் சத்தம்.

ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில்
ஆடு மாடுகளுக்கு நடுவே
தலையணை உறையோடு நின்றேன்.
'உள்ள என்னது அண்ணாச்சி, கோழியா?'
சொன்னதும் வரிசை மொத்தமும் வழிவிட்டது.
டாக்டர் நூர்நிஷா தராசில் வைத்தார்.
ஆயிரத்து நூற்றுப்பத்து கிராம்.
வாயைப் பிளந்து பார்த்தார், பசைமாதிரிச் சளி.
'குளிரும் ஈரமும் சேந்து வந்திருக்கு.
மனுசன்னா இருமித் துப்பிருவான்.
நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல தட்டு இல்ல இதுக்கு,
இரும வராது.
சேந்தது உள்ளயேதான் கெடக்கும்.'

மூன்று நாளைக்கு ஓர் ஊசி.
உடம்பின் முன்பாதியில் மட்டும்.
பெட்டியின் ஒரு மூலை முப்பத்திரண்டு டிகிரி,
மறுமூலை அதைவிடக் குறைவாக,
எங்கே கிடப்பது என்று அதுவே முடிவு செய்யட்டும்.
பதினோராயிரம் வோல்ட் கம்பத்தில் நடுங்காத கை
அரை மில்லி மருந்துக்கு நடுங்கியது.
ஜெபக்கனிதான் பிடித்துக்கொண்டாள்,
பாம்பை ஒரு கையில்,
என் மணிக்கட்டை மறுகையில்.

பிரீசரில் நெய்மீன் துண்டுக்குப் பின்னால்
தேதி எழுதிய நாலு எலிகள்.
ஒன்றை வெந்நீரில் இளக்கி நீட்டினேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
'விடுங்க. சீக்குல யாருக்குச் சோறு எறங்குது.'

ஏழாவது ஊசிக்குப் பிறகு டிக் சத்தம் இல்லை.
இல்லைதானா,
மழையில் எனக்குக் கேட்கவில்லையா,
இன்னும் பிடிபடவில்லை.
எலி அப்படியேதான் இருக்கிறது.

கார்த்திகை. மறுபடி மழை.
மறுபடி பீடரை இறக்குகிறேன்.
முதல் போன், யாரோ ஒரு அம்மா.
'தம்பி, கரண்ட் எப்பம் வரும்?'
அரை மணிநேரம் நாக்கு நுனிவரை வந்தது.
'தெரியலக்கா. விடிஞ்சாலும் விடிஞ்சிரும்.
எதையும் சூடா வச்சிருக்கணும்னா
கேஸ் கெடக்கான்னு மொதல்ல பாத்துக்கிடுங்க.'

அந்தப் பக்கம் பேச்சில்லை.
நீளமாய் ஓர் இருமல்.
அப்புறம், 'சரிப்பா.'